மாட்டைக் கேட்டால் சத்தியத்தைச் சொன்னவன்

தங்களைக் கேட்காமல் மழைகூடப் பெய்யாது என்று ராஜாக்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஏழிலையூர் என்று ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், அரண்மனையில் ராஜா தும்மினால் எல்லைக் காவல்காரன் "ஆயுசு நூறு" என்று வாழ்த்துவான்.

அந்த ராஜாவுக்கு உண்மை என்றால் உயிர். சில ராஜாக்களுக்கு யானை பிடிக்கும், சில ராஜாக்களுக்கு நாட்டியம் பிடிக்கும், இவருக்கு உண்மை பிடித்துவிட்டது. யானை என்றால் தீனியோடு போயிற்று. உண்மை பிடித்த ராஜா சும்மா இருப்பாரா? சட்டம் போட்டார்.

யார் மேல் பிராது வருகிறதோ அவன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இது ஊரில் எப்போதும் உள்ள வழக்கம்தான். ராஜா அதன் தலையில் ஒன்றை ஏற்றிவைத்தார். செய்த சத்தியம் மெய்யா பொய்யா என்று பண்டிதர்கள் தீர்த்துச் சொல்லும்வரை வேறு சாட்சி கிடையாது, வேறு சத்தியம் கிடையாது, வேறு பேச்சே கிடையாது. அதுவரை பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கும்.

பண்டிதர்கள் மூன்று பேர். ஒருவர் தர்க்கச் சிங்கம், ஒருவர் நியாயக் கடல், ஒருவர் ஞானக் குன்று. பட்டமெல்லாம் அவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது.

அந்த ஊரில் உலகாயி என்று ஒருத்தி. புருஷன் உப்பு வண்டியோடு வெளியூர் போயிருந்தான். வீட்டில் இருந்தது ஒரு செவலைப் பசுவும் அதன் இளங்கன்றும். ஒருநாள் மேய்ச்சலுக்குப் போன பசு, மழைக்கு ஒதுங்கி, கொம்பையா என்பவனின் தொழுவத்துக்குள் நுழைந்துவிட்டது. கொம்பையா கதவைச் சாத்தினான். சாத்தினதோடு அது தன் மாடு என்று முடிவும் செய்துகொண்டான்.

உலகாயி வாசலில் போய்க் கூப்பிட்டாள்.

"கொம்பையாண்ணே, என் மாடு உங்க தொழுவத்துல நிக்குது. அவுத்து விடுங்க, கன்னுக்குட்டி கத்துது."

"மாடா? எந்த மாடு?"

"அந்தா, என்னையப் பாத்து தலைய ஆட்டுதே, அந்த மாடு."

"அது ஈ ஓட்டுது தாயி. போ, போ."

உலகாயி ராஜாவிடம் பிராது சொன்னாள். கொம்பையாவைச் சத்தியத்துக்கு அழைத்தார்கள்.

இப்போது கொம்பையாவுக்கு வந்தது சங்கடம். பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துபோகும் என்று பயம். மெய்யைச் சொன்னால் மாடு போய்விடும் என்று அதைவிடப் பயம். போகிற வழியெல்லாம் யோசித்தான். கோயில் வாசலுக்கு வந்து, சூடம் ஏற்றி, பட்டென்று அடித்து அணைத்தான்.

"நான் இப்பச் செய்யுற இந்தச் சத்தியம் பொய்!" என்றான்.

அங்கே கூடியிருந்த சபை அப்படியே வாயைப் பிளந்தது.

தர்க்கச் சிங்கம் எழுந்தார். "இவன் சொன்னது மெய் என்றால், சத்தியம் பொய் என்பதும் மெய். அப்படியானால் இவன் சொன்னது பொய்!"

நியாயக் கடல் எழுந்தார். "பொய் என்றால், சத்தியம் பொய் என்று இவன் சொன்னது பொய். அப்படியானால் இவன் சொன்னது மெய்!"

ஞானக் குன்று எழ முயன்று, உடம்பு இடம் கொடுக்காமல், உட்கார்ந்தபடியே சொன்னார். "மெய்யுமில்லை, பொய்யுமில்லை. அப்படியானால் பொய் என்று அவன் சொன்னதும் சரியில்லையே? சரியில்லாதது பொய்தானே? ஐயையோ!"

மூன்று பேருக்கும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆயுசுக்கும் தீராத பலகாரம் கிடைத்த மாதிரி. அங்கேயே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள் தீர்த்துச் சொல்லும்வரை மாடு கொம்பையா கையில். கோயில் மண்டபத் தூணிலேயே அதைக் கட்டிப்போட்டான். வைக்கோல் திணித்த தோல் கன்று ஒன்றை அதன் முன்னால் நிறுத்திக் கறந்தான். பாவம், மாடு அதை நக்கிக் கொடுத்துப் பால் விட்டது. அந்தப் பால் பண்டிதர்களுக்குக் காலையில் தயிராகவும், மத்தியானம் மோராகவும், சாயங்காலம் நெய்யாகவும் போய்ச் சேர்ந்தது. தயிர் கெட்டியாக இருந்ததால் வாதமும் கெட்டியாக இருந்தது.

உலகாயி வீட்டில் கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. அவள் கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து அதன் வாயில் வைத்தாள். சப்பிப் பார்த்தது, துப்பியது.

அவள் முதல்முறை சபைக்குப் போனாள். "சாமி, என் தெருவுல யாரைக் கேட்டாலும் அது என் மாடுன்னு சொல்லுவாங்க."

"சாட்சி பிறகு அம்மா. முதலில் சத்தியம்" என்றார் தர்க்கச் சிங்கம், மீசையில் இருந்த மோரைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாம்முறை போனாள். "அப்ப நான் சூடம் அணைக்கிறேன். என் மாடுன்னு சத்தியம் பண்றேன்."

"ஒரு சத்தியம் தீராமல் இன்னொரு சத்தியமா? நல்ல கதை!" என்றார் நியாயக் கடல். "இன்னொரு கரண்டி தயிர்" என்று கொம்பையா பக்கம் திரும்பியும் சொன்னார்.

கன்றுக்குட்டி கத்துவதை நிறுத்தியது. கத்தத் தெம்பில்லை. காது தொங்கிவிட்டது, கண்ணில் ஈ உட்கார்ந்தாலும் இமைக்கவில்லை. இனி காத்திருந்தால் குழிதான் தோண்ட வேண்டும் என்று உலகாயிக்குத் தெரிந்துபோயிற்று.

மூன்றாம்முறை, கன்றைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ராஜாவும் வந்திருந்தார், உண்மை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க. அவர் காலடியில் கன்றைக் கிடத்தினாள்.

"ராசா, இது சாகப்போகுது."

ராஜாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பண்டிதர்களைப் பார்த்தார்.

ஞானக் குன்று தலையை ஆட்டினார். "பரிதாபம்தான். ஆனால் கன்று இந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லையே!"

உலகாயி சேலையை இழுத்துச் செருகினாள். பண்டிதர்களின் பாயைத் தாண்டி, மோர்ப்பானையைத் தாண்டி, நேரே தூணுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

கொம்பையா துள்ளி எழுந்தான். "ஏய்! ஏய்! திருடி! ராசா, பாருங்க! என் மாட்டை அவுக்குறா! அது என் மாடு!"

உலகாயி கயிறும் கையுமாகத் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு.

"அப்பாடா! இத்தனை நாளுக்கு அப்புறம் இப்பத்தான் இந்த ஆளு மாட்டைப் பத்தி வாயத் திறந்திருக்காரு."

"என்னம்மா சொல்கிறாய்? அவன் சத்தியமே செய்தாயிற்றே" என்றார் ராஜா.

"என்னத்தை ராசா செஞ்சாரு? மாடு யாருதுன்னு கேட்டா, அவரு தன் சத்தியத்தைப் பத்தித்தானே சொன்னாரு! சோறு ஆச்சான்னு கேட்டா, நான் பேசிக்கிட்டிருக்கேன்னு சொல்லுற மாதிரி. அதுல மாடும் இல்ல, கன்னும் இல்ல. மெய்யா பொய்யான்னு பாக்க அதுக்குள்ள என்ன கிடக்கு? இப்பச் சொன்னாரு பாருங்க, 'அது என் மாடு'ன்னு. இது பேச்சு. இதைச் சூடத்துக்கு முன்னால சொல்லச் சொல்லுங்க."

"முடியாது! பழைய சத்தியம் இன்னும் தீரவில்லை!" என்று மூன்று பண்டிதர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்தச் சத்தியத்தை நீங்களே வச்சுக்கோங்க சாமி. எனக்கு மாடு போதும்" என்றாள் உலகாயி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரிக்கப் போனார். காலடியில் கிடந்த கன்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சூடம் கொண்டு வா" என்றார்.

சூடம் எரிந்தது. கொம்பையா முன்னால் வந்தான். கையை ஓங்கினான்.

"அது... அது வந்து..." என்றான்.

கை இறங்கவில்லை. கண்ணை ஒருதடவை கசக்கிக்கொண்டான். மறுபடி ஓங்கினான். மறுபடியும் இறங்கவில்லை. யாரும் அடிக்காமலே சூடம் எரிந்து எரிந்து தானாக அணைந்தது.

உலகாயி அதற்கெல்லாம் காத்துக்கொண்டிருக்கவில்லை. மாட்டைக் கன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, காம்பைப் பிடித்து அதன் வாயில் பீய்ச்சினாள். முதல் சொட்டு வழிந்துபோயிற்று. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதைக் கன்று நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டது.

ராஜா தன் சட்டத்தைத் தானே ரத்து செய்தார். பிறகு பண்டிதர்களைப் பார்த்துச் சொன்னார். "பழைய சத்தியம் மெய்யா பொய்யா என்று நீங்கள் தாராளமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். தயிர் கிடையாது. கஞ்சியும் உப்பும் தரச் சொல்கிறேன்."

"எனக்குத் தண்டனை, ராசா?" என்றான் கொம்பையா.

"இவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேள்."

"ராசா, சவுக்கடி ஏதாவது இருந்தா..." என்று கொம்பையா கெஞ்சிப் பார்த்தான். ராஜா அதற்குள் பல்லக்கில் ஏறிவிட்டார்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஒரு சொல் மெய்யா பொய்யா என்று அறிய வேண்டுமானால் அந்தச் சொல்லையே சுற்றிச் சுற்றி வராதீர்கள், அது எதைப் பற்றிய சொல்லோ அதைப் போய்ப் பாருங்கள்.