மாப்பிள்ளைப் பூவைப் பறித்த மகாராஜா

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டைச் செண்பகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓர் ஆசை தலைக்கு ஏறிவிட்டால் இறங்குவதற்குள் ஊரே இளைத்துப் போய்விடும்.

ஒருநாள் மாடத்தில் நின்றவர் கண்ணில், மதிலுக்கு அந்தப் பக்கம் சடைச்சி என்பவளின் கொல்லை பட்டது. குடிசைக் கூரை தாங்காத அளவுக்குப் பூசணிக்காய்கள்! "நாடாளுகிற எனக்கு ஒரு பூசணிக்காய் ஆளத் தெரியாதா?" என்று அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்.

விதை ஊன்றினார். மறுநாளே முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தார். (சிரிக்காதீர்கள், இதைச் செய்யாதவர் யார்?) எருவைக் கைநிறையப் போடச் சொன்னால் வண்டி நிறையப் போட்டார். எப்படியோ கடவுள் புண்ணியத்தில் கொடி படர்ந்தது, மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது.

ஆனால் பிஞ்சு ஒன்றும் நிற்கவில்லை. எலுமிச்சை அளவு வரும், வெம்பும், விழும்.

அரசவையில் மார்த்தாண்டராயர் என்று ஒருவர் இருந்தார். 'தோட்டக்கலைச் சிங்கம்' என்று பட்டம் வாங்கியவர். கையில் மண் பட்டதில்லை. ராஜா அடிக்கடி மதிலருகே போய்ச் சடைச்சியிடம் சந்தேகம் கேட்பது அவருக்கு வயிற்றெரிச்சல்.

"பிரபு, பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகிவிடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். விரலை மடக்கித்தானே காட்டுவோம்? அந்தச் சடைச்சி மதில் மேலிருந்து விரலை நீட்டி நீட்டிப் பேசுகிறாள். அவள் கொல்லையைப் பிடுங்கி, ஊரை விட்டே அனுப்புங்கள். பிறகு பாருங்கள் காய்ப்பை!"

ராஜாவுக்கு அன்று காலையில்தான் பத்தாவது பிஞ்சு விழுந்திருந்தது. "கூப்பிடு அவளை!" என்றார்.

சடைச்சி ஈரக் கையோடு வந்து கும்பிட்டாள். அந்தக் கொல்லையை விட்டால் அவளுக்குச் சோறு இல்லை. பயத்தை முந்தானைக்குள் முடிந்துகொண்டு கேட்டாள்: "நான் எந்தப் பிஞ்சைச் சுட்டினேன் சாமி? ராயர் ஐயாவே வந்து காட்டட்டும்."

எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். ராயர் உற்சாகத்தில் ஒவ்வொரு பிஞ்சாக விரலை நீட்டினார். "இதோ இதை! அதோ அதை! அந்த ஓரத்தில் இருக்கிறதே, அதையும்தான்!"

"மகாராஜா, எஞ்சியிருந்த ஏழு பிஞ்சையும் ஐயா சுட்டிவிட்டார். இனி இவை விழுந்தால் யார் ஊரை விட்டுப் போவது?"

ராயர் சட்டென்று விரலைக் கக்கத்தில் ஒளித்தார். "என்னுடையது ஆசாரமான விரல்! அதனால் எதுவும் அழுகாது!"

"என் விரல்தானே பொல்லாதது? அப்படியே வைத்துக்கொள்வோம். இந்த ஒரு கொடியை எட்டு நாள் எனக்கு விடுங்கள். தினமும் உங்கள் எதிரிலேயே பத்து விரலாலும் சுட்டுகிறேன். பிஞ்சு அழுகினால் நானே கொல்லையை விட்டுப் போகிறேன். ஒன்றே ஒன்றுதான், இந்தக் கொடியில் பூவை யாரும் தொடக்கூடாது."

ராஜா ஒப்புக்கொண்டார். தினமும் காலையில் சடைச்சி வந்து பிஞ்சின் முன்னால் பத்து விரலையும் நீட்டி, "ஏ பூசணி, நல்லாப் பார்த்துக்கோ!" என்பாள். சேவகர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ராயர் மட்டும் அழுகல் எங்கே எங்கே என்று குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மற்றக் கொடிகள் காலி. இந்தக் கொடியில் மூன்று காய்கள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

"எப்படியம்மா இது?" என்றார் ராஜா.

"விடிவதற்கு முன்னால் மற்றக் கொடிகளில் பூப் பறிப்பது யார் சாமி?"

ராஜா மார்பை நிமிர்த்தினார். "நானேதான்! அரண்மனை வாசல் கோலத்தில் சாணி உருண்டைக்கு உருண்டை பூசணிப்பூ வைக்கிறேனே, பார்க்கவில்லையா? அதிலும் எனக்கு விவரம் உண்டு. அடியில் பிஞ்சு இருக்கிற பூவைத் தொடமாட்டேன். பிஞ்சில்லாமல் சும்மா நிற்கிற சோம்பேறிப் பூவாகப் பார்த்துத்தான் பறிப்பேன்."

சடைச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது சோம்பேறி இல்லை மகாராஜா, மாப்பிள்ளை! அது ஆண்பூ. அதன் மகரந்தத்தை வண்டு கொண்டுவந்து பெண்பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். மாப்பிள்ளைகளை எல்லாம் சாணியில் செருகி வாசலில் உட்கார வைத்துவிட்டு, வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை என்றால் எப்படி?"

ராஜா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பொல்லாத விரல் என்னுடையதுதான்! சுட்டிய விரலைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன், பறித்த விரல் என் கையிலேயே இருந்திருக்கிறது. வாசலில் கோலம் அழகு, உள்ளே அசடு! சடைச்சி, உன் கொல்லையை இனி யாரும் தொடமாட்டார்கள். என் தோட்டத்துக்கும் நீதான் அதிகாரி. உனக்குச் சம்பளமும் உண்டு, என்னைத் திட்டுவதற்கு உரிமையும் உண்டு."

"பிரபு, அடியேனுக்கு…" என்று இழுத்தார் ராயர்.

"உமக்கு இல்லாமலா? நாளை முதல் விடியலில் எழுந்து, ஓர் ஆண்பூவை எடுத்துப் பெண்பூ பெண்பூவாகத் தொட்டுவைத்து வாரும். விரல் ஆசாரமானதாயிற்றே!"

அன்றோடு 'தோட்டக்கலைச் சிங்கம்' போய், ஊர் வாயில் அவர் 'கல்யாணத் தரகர்' ஆனார். ஒரு பூவுக்குத் தொட்டுவைக்க மறந்தால் போதும், "என்ன தரகரே, இந்தப் பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லையா?" என்று சடைச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்.

அந்த நாட்டில் எல்லோருக்கும் பூசணி காய்த்தது, சாம்பார் கொதித்தது. மூன்று மார்கழியாக வாசலுக்கு எல்லாப் பூவையும் பறித்து வைத்துவிட்டு, காய் ஏன் இல்லை என்று பெருமாளைக் கேட்டுக்கொண்டிருந்த என் கொல்லையிலும், இந்த வருஷம் ஒன்று காய்த்திருக்கிறது. சின்னதுதான். வாருங்கள், கூட்டு வைக்கிறேன்.