சாவியைக் கிணற்றில் போட்ட அரசர்

முன்னொரு காலத்தில் வறட்டுப்பாறை என்ற நாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். அந்த நாட்டில் மழை கொஞ்சம், விளைச்சல் கொஞ்சம். அரசருக்குச் சந்தேகம் மட்டும் எக்கச்சக்கம். அவர் சாப்பாட்டை ஒருவன் ருசி பார்ப்பான். அவனை இன்னொருவன் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த இன்னொருவனை அரசர் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

இப்படிப்பட்டவருக்குப் பூட்டு என்றால் உயிர். கஜானாவுக்குப் பூட்டு, ஊறுகாய் அலமாரிக்கும் பூட்டு. ஆனால் பூட்டுச் செய்து கொடுத்த கொல்லனை வீட்டுக்கு விடமாட்டார். கள்ளச்சாவி வைத்திருப்பான் என்று அவனைக் காவலில் வைத்து, அவன் வீட்டைத் தோண்டிப் பார்க்கச் சொல்வார். ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று சந்தேகம் இன்னும் கூடும்.

கதவு போட்ட எல்லைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பவளத்துறை. கப்பல்கள் வந்துபோகும் பணக்கார நாடு. அங்கே கிடங்குகளுக்குப் பூட்டு வேண்டியிருந்தது. கை நிறையக் கூலி, குடியிருக்க வீடு. வறட்டுப்பாறைக் கொல்லர்கள் ஒவ்வொருவராகக் கணவாய் ஏறிவிட்டார்கள். ஏறாமல் என்ன செய்வார்கள்? மிஞ்சியவன் சடையாண்டி ஒருவன்தான். ஒருநாள் அவனும் அவையில் வந்து கைகட்டி நின்றான்.

"மகாராஜா, நானும் பவளத்துறைக்குப் போலாம்னு இருக்கேன். உத்தரவு தரணும். மூத்தவ பொறந்தப்ப நான் உங்க காவல்ல கிடந்தேன். இப்ப என் பெஞ்சாதி மாடத்தி மறுபடியும் மாசமா இருக்கா. இந்தப் பிள்ளை முகத்தையாவது பொறந்த அன்னைக்கே பாக்கணும்."

காவல் தலைவர் பூவராகன் துள்ளி எழுந்தார். அமைச்சர் திருமேனியின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"பார்த்தீர்களா அரசே! கஜானாப் பூட்டின் சூட்சுமம் முழுதும் இவன் தலைக்குள் இருக்கிறது. அதை அங்கே விற்கப்போகிறான். இத்தனை கொல்லர்கள் போனார்களே, அனுப்பிவைத்தது யார்? அமைச்சரைக் கேளுங்கள்!"

அரசர் அமைச்சரை ஒரு பார்வை பார்த்தார். "இவனை ஆயுள் முழுக்கச் சிறையில் போடுங்கள். அமைச்சரை அப்புறம் கவனிக்கிறேன்."

சடையாண்டி அரசர் காலில் விழுந்தான். திருமேனியோ பதறாமல் எழுந்தார். "நல்ல முடிவு அரசே. ஆனால் சிறைக்கு எந்தப் பூட்டைப் போடுவது? அரண்மனையில் இருப்பதெல்லாம் இவன் செய்ததாயிற்றே?"

அரசர் முகம் கறுத்தது. "என்னிடம் பவளத்துறைப் பூட்டு இருக்கிறது!" என்றார் பூவராகன். "இவன் கை படாதது. ஒரே ஒரு சாவி."

"அருமை! அறை பலமானதுதானா என்று உள்ளே போய் ஒருவர் சோதித்துச் சொல்லவேண்டும். அதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமே..." என்று இழுத்தார் திருமேனி.

எல்லாரும் சிறைக்குப் போனார்கள். பூவராகன் மார்பை நிமிர்த்திக்கொண்டு தாமே அறைக்குள் போனார். அரசர் தம் கையாலேயே பூட்டினார். பூவராகன் சுவரைக் குத்தினார், கதவை உதைத்தார். "யானை வந்தாலும் அசையாது, அரசே!"

"சாவி யாரிடம் இருப்பது?" என்று கேட்டார் அமைச்சர்.

"என்னிடம் கொடுங்கள்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அரசரின் புருவம் நெளிந்தது. "உமக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அமைச்சரே, நீர் வைத்துக்கொள்ளும். இல்லை, வேண்டாம். நானே வைத்துக்கொள்கிறேன்."

"தாங்கள் தூங்கும்போது?"

அரசர் யோசித்தார். மெய்க்காவலனை நினைத்தார், சாமரம் வீசுகிறவளை நினைத்தார், மகாராணியையும் நினைத்தார். ஒருவரையும் நம்ப முடியவில்லை. விடுவிடுவென்று முற்றத்துக்குப் போய், அடி காணாத கோட்டைக் கிணற்றில் சாவியை வீசினார்.

"இனி எந்தப் பயலும் திறக்க முடியாது!" என்று வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

"அரசே," என்றது உள்ளிருந்த குரல், "நான் இங்கேதான் இருக்கிறேன்."

சிரிப்பு நின்றது. சம்மட்டியால் அடித்தார்கள், கதவு அசையவில்லை. அத்தனை பேரும் சடையாண்டியைப் பார்த்தார்கள்.

"நீ திறப்பாயா?" என்றார் அரசர்.

"திறப்பேன் மகாராஜா. ஆனா பயமா இருக்கு. சாவி இல்லாம திறக்கிறவனை வெளிய விடலாமான்னு அடுத்து யோசிப்பீங்க."

அரசர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "என் வார்த்தையை நம்பு" என்றார். சொல்லும்போதே அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

"முதலில் இவனைக் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் விடுங்கள்" என்றார் திருமேனி. "பிறகு அங்கிருந்து மரியாதையாக அழைத்துவருவோம். அவன் திரும்பிப் போகும்வரை தாங்கள் பவளத்துறை எல்லைச் சாவடியில் பிணையாக இருங்கள். வேறு வழியில்லை."

பூவராகனின் ஓலம் அரண்மனையை நிறைத்தது. அரசர் சம்மதித்தார். எல்லை தாண்டிய சடையாண்டிக்குப் பல்லக்கு வந்தது. உள்ளூரில் இருந்தவரை ஒரு மரியாதையும் காணாதவனுக்கு வெளிநாட்டான் ஆனதும் பல்லக்கு!

சாவடியில் அரசரை ஒரு பலகையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அவர் மோரை முகர்ந்து பார்த்தார், மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. அருகில் ஒரு காவலாளும் இல்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று தோன்றியது.

"யாரப்பா அங்கே! நான் பிணையாள். கதவை ஏன் பூட்டவில்லை?"

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சாவடிக்காரர் திரும்பினார். "பூட்டி வச்சா நாளைக்கு எவன் சாமி உள்ள வருவான்?"

அரசர் திறந்த கதவின் வழியே, பிழைப்புத் தேடிக் கணவாய் இறங்கிவரும் தம் நாட்டு ஆட்களைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தச்சர், வைத்தியர், சிற்பி எல்லாரும் இருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

சடையாண்டி சிறையைத் திறந்துவிட்டுச் சாவடிக்கு வந்தான். கொல்லர்களைக் காவலில் வைக்கும் வழக்கத்தை அரசர் அன்றே ஒழித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தார். கணவாய்க் கதவைக் கழற்றி எறியச் சொல்லி, கதவில்லாத அந்த வாசலில் போகிறவர் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையைப் பூவராகனுக்குக் கொடுத்தார்.

சடையாண்டி, சாவடியில் காத்திருந்த மாடத்தியோடு பவளத்துறைப் பக்கம் திரும்பினான். "திரும்பி வா" என்று சொல்ல அரசர் வாயெடுத்தார். அது உத்தரவு மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து, "பிள்ளை பிறந்ததும் சொல்லியனுப்பு" என்று மட்டும் சொன்னார்.