கடைக்குப் போகாத விருந்து

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு கீரைத்தோட்டம். அதை வைத்திருந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். துறவி. காவி கட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. கீரை பறித்துக் கட்டுவார். மனம் சரியில்லாதவர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்வார்கள். எல்லோருக்கும் அவர் அம்மா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அம்மாதான்.

கூடலிங்கம் அவரைவிட எட்டு வயது மூத்தவர். நூற்பாலையில் ஃபிட்டர். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் தங்கள் தோல்விகளைக் கொண்டு வருவார்கள். அன்று கூடலிங்கம் ஒரு வெற்றியைக் கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, ஆலையில ஓவர்டைம நிறுத்திட்டாங்க. சம்பளம் சுருங்கிப் போச்சு."

"சொன்னீங்களே, போன மாசம்."

"ஆனா நான் கடன் வாங்கல. எல்லாத்தையும் குறைச்சுட்டேன்."

"எதையெல்லாம்?"

கூடலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பால் பாதி. காபி காலையில் மட்டும். விளக்கு ஒரு அறையில் மட்டும். மகள் சுகந்தி அறையைவிட்டு வெளியே வந்ததும் ஃபேனை அணைத்துவிடுவார். சில நாள் அவள் வருவதற்கு முன்பே அணைத்துவிடுவார். மோரில் மீன் விடலாம், அவ்வளவு தண்ணீர்.

வீட்டில் பேச்சும் குறைந்திருந்தது. அதை அவர் குறைக்கச் சொல்லவில்லை. அதனால் அவர் கணக்கில் அது வரவில்லை.

"அப்புறம் தங்கச்சி," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. "காளீஸ்வரி, சிவகாசியில இருக்கா. பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, கூட்டிக்கிட்டு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னு போன் பண்ணினா."

"வரட்டுமே."

"இந்த நிலைமையிலயா? வீட்டுல அம்மா வந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

கோடைக்காலம். அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் விருந்துக்கு வர மாட்டார்கள். ஏன், எப்படி என்று கேட்கவும் மாட்டார்கள். அதைவிட நல்ல பொய் கூடலிங்கத்துக்குக் கிடைக்கவில்லை.

அம்மாவின் கை கீரையில் நின்றது.

"என்ன வந்திருக்குன்னு சொன்னீங்க?"

"அம்மா வந்திருக்குன்னு."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி பறிக்க ஆரம்பித்தார்.

கூடலிங்கம் காத்திருந்தார். பாராட்டு வரவில்லை. கடைசியில் அவரே கேட்டார். "இன்னும் எதைக் குறைக்கலாம்மா? ஒரு வழி சொல்லுங்க."

"நாளைக்கு மதியம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்."

"அம்மா?"

"தோட்டத்துல தண்ணி பாய்ச்சுறவங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வர்றேன். பாவம், அவங்களும் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டு நாளாச்சு."

கூடலிங்கம் விரலை மடக்கி ஆட்களை எண்ணினார்.

"ஒண்ணு மட்டும்," என்றார் அம்மா. "கடைக்குப் போகக் கூடாது. வீட்டுல இருக்கிறதை வச்சே செய்யணும்."

சைக்கிளை மிதித்து வீடு வருகிற வழியெல்லாம் கூடலிங்கம் தன் சமையலறையை மனத்துக்குள் துழாவிக்கொண்டே வந்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும்தான் குறைத்தாயிற்றே.

வீட்டில் மனைவி வேலம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னார். ஏதோ தண்டனையை அறிவிப்பதுபோலச் சொன்னார்.

வேலம்மாளின் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"அம்மாவா? நம்ம வீட்டுக்கா?"

"கூட நாலு பேரு. கடைக்குப் போகக் கூடாதாம். நாம என்னத்தைப் போடுறது?"

வேலம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கூடலிங்கம் அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவருக்கே ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை.

"கடைக்கு எதுக்குப் போகணும்?" என்றாள். "ஏட்டீ சுகந்தி, பருப்பை எடுத்து ஊறப் போடு. ராத்திரியே ஊறிட்டா காலையில ரெண்டு கொதியில வெந்துரும். கேஸ் மிச்சம்."

மறுநாள் பொழுது விடிவதற்குள் கூடலிங்கம் கொல்லையில் முருங்கை மரத்தடியில் தொரட்டியோடு நின்றார். கீரை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். காயில் பாதியை வேலம்மாள் முந்தானையில் அள்ளிக்கொண்டு எதிர்வீட்டு ராக்கம்மாளிடம் போனாள். ராக்கம்மாள் மாடு வைத்திருப்பவள். பாலைப் பாதியாக்கியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. வேலம்மாள் திரும்பி வரும்போது கையில் தயிர்ச்சட்டி இருந்தது. முகத்தில் ஒரு ஊர்க்கதை கேட்ட திருப்தி இருந்தது.

"கடையில வாங்கக் கூடாதுன்னு சொன்னாங்களே," என்றார் கூடலிங்கம்.

"ராக்கம்மா கடையா வச்சிருக்கா? காயைக் குடுத்தேன், தயிரைக் குடுத்தா."

கூரைமேல் படர்ந்த கொடியில் ஒரு சர்க்கரைப் பூசணி பழுத்துக் கிடந்தது. அதை இறக்கி, வெட்டி, தோல் சீவுகிற வேலை கூடலிங்கத்துக்கு வந்தது. சீவிய தோலை வாரிக்கொண்டு அவர் எழுந்தார்.

"அதை எங்க கொண்டு போறீங்க?"

"குப்பைக்கு."

"உங்க சிக்கனம் எங்க போச்சு?" என்றாள் வேலம்மாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தோல் எண்ணெயில் வதங்கி, மிளகாயும் புளியும் சேர்ந்து துவையலானது. சதையில் ஒரு பங்கு கூட்டு. மீதி வெல்லத்தோடு சேர்ந்து பாயசத்துக்குப் போனது. விதை வாணலியில் படபடவென்று வெடித்தது. முந்தாநாள் அரைத்துப் புளித்துப் போன மாவு, வெங்காயம் சேர்ந்து பணியாரமானது. சாம்பார் பாதி கொதித்ததும் வேலம்மாள் அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூடினாள்.

"இன்னும் வேகலையே," என்றார் கூடலிங்கம்.

"மூடி வச்சா அந்தச் சூட்டுலயே வெந்துரும். எப்பவும் அப்படித்தானே."

எப்பவும் அப்படித்தான் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை வருடம் அந்தச் சாம்பாரை அவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்றே ஒன்று அவரை அரித்தது. "அரிசிக்கு என்ன பண்ணப் போற? டப்பாவுல நமக்கே இந்த வாரத்துக்குத்தானே இருக்கு?"

வேலம்மாள் பரண்மேலிருந்த மண்பானையை இறக்கச் சொன்னாள். இறக்கும்போது கூடலிங்கத்தின் தோள் இறங்கியது. அவ்வளவு கனம். உள்ளே கழுத்து வரைக்கும் அரிசி.

"இது ஏது?"

"உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து இதுல போடுவேன். ஒரு பிடி குறைஞ்சது யாரு வயித்துக்கும் தெரியாது."

"எதுக்கு?"

"யாராவது வந்தா வேணும்ல?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "கொஞ்ச நாளா யாரும் வரல. அதான் நிறைஞ்சு போச்சு."

கூடலிங்கம் பானையைப் பிடித்தபடி நின்றார்.

மதியம் அம்மா வந்தார். தலையில் துண்டு கட்டிய தோட்டக்காரர்கள் நாலு பேரும் வெட்கத்தோடு பின்னால் வந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு கட்டு சிறுகீரை. "கடையில வாங்கல," என்று சொல்லி வேலம்மாளிடம் கொடுத்தார்.

கொல்லையில் வெட்டிய வாழை இலைகள் கூடத்தில் வரிசையாக விழுந்தன. சுகந்தி தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே!"

கூடலிங்கம் வாசலுக்கு ஓடினார்.

காளீஸ்வரி நின்றாள். ஒரு கையில் வேப்பங்கொத்து. இன்னொரு கையில் இளநீர்க் குலை. அதன் கனத்தில் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் வீங்கியிருந்தது.

"யாருக்குண்ணே போட்டிருக்கு? மதினிக்கா, சுகந்திக்கா? முத்து ரொம்ப இருக்கா? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. இன்னைக்குத்தான் தையற்கடைக்கு லீவு. பிள்ளைகளை அவங்க அப்பாகிட்ட விட்டுட்டு ஓடி வந்தேன்."

"அம்மை போட்ட வீட்டுக்கு வரலாமா காளி?" கூடலிங்கத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

"எல்லாரும் போகாதேன்னுதான் சொன்னாங்க. அண்ணன் வீடாச்சே. எப்படி இருக்க முடியும்?"

வேலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூடலிங்கம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"உள்ள வாங்க தாயி. உங்க அண்ணன் பொய் சொல்லல. வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறது நிசம்தான். நான்தான் அது."

முதலில் சுகந்தி சிரித்தாள். பிறகு தோட்டக்காரர்கள். வேலம்மாளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கரண்டியோடு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். காளீஸ்வரி மட்டும் வேப்பிலையைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் ஒரு முத்துகூட இல்லை.

கூடலிங்கம் சிரிக்கவில்லை.

"காளி, நான் சொன்னது பொய்தான். அம்மா சும்மா என்னைக் காப்பாத்துறாங்க. சம்பளம் குறைஞ்சு போச்சு. நீ பிள்ளைகளோட வந்தா செலவாகுமேன்னு..."

சிரிப்பு அடங்கியது.

காளீஸ்வரி இளநீரைக் கீழே வைத்தாள்.

"செலவுன்னா செலவுன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே. அரிசியைக் கட்டிக்கிட்டு வந்திருப்பேனே. ஒண்ணா ஆக்கிச் சாப்பிட்டிருக்கலாமே."

கூடலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அரிசி பிறகு பாத்துக்கலாம்," என்றார் அம்மா. "அந்த இளநீரை வெட்டுங்க. எனக்குப் பசி காதை அடைக்குது. அண்ணன், தங்கச்சி ரெண்டு பேரும் என் பக்கத்துல உக்காருங்க."

அம்மா சாப்பிட்டதைப் பற்றி அந்தத் தெருவில் பல நாள் பேசிக்கொண்டார்கள். துறவிக்கு அரை வயிறு என்று யார் சொன்னது? பணியாரத்தை எண்ணாமல் சாப்பிட்டார். துவையலை இன்னொரு முறை வாங்கினார்.

"இது என்ன துவையல்? பீர்க்கங்காயா?"

"பூசணித் தோலும்மா," என்றாள் வேலம்மாள்.

"தோலா!" அம்மா மூன்றாம் முறையும் இலையைக் காட்டினார்.

தோட்டக்காரர்களில் ஒருவர் வற்றலைக் கடித்துவிட்டு, தன் சம்சாரம் வடிகஞ்சியில் வற்றல் போடுவாள் என்றார். வேலம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு அதை விவரமாகக் கேட்டுக்கொண்டாள். பழைய சேலையில் தலையணை உறை தைக்கும்போது விளிம்பை எங்கே மடிக்க வேண்டும் என்று காளீஸ்வரி சுகந்திக்குச் சொல்லிக்கொடுத்தாள். ராக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு இலை விழுந்தது. கூடத்தில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்காத அளவுக்குச் சத்தம்.

கூடலிங்கம் வேலம்மாளின் அருகில் போய்க் குனிந்து கேட்டார்.

"இதையெல்லாம் இத்தனை நாளும் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் நான் ஒவ்வொண்ணாக் குறைச்சப்ப ஒண்ணும் சொல்லல?"

"நீங்க கேக்கலையே," என்றாள். "இந்தாங்க, பாயசம். சூடா இருக்கு, பாத்து."

அவர் டம்ளரை வாங்கி அங்கேயே நின்று குடித்தார். ஏலக்காய் இல்லை, முந்திரி இல்லை. கல்யாண வீட்டுப் பாயசம்கூட அவருக்கு அப்படி இனித்ததில்லை.

சாப்பாடு முடிந்ததும் அவர் சிவகாசிக்குப் போன் போட்டார். மச்சானிடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறச் சொன்னார். "உடம்பெல்லாம் இப்ப தேவலையா?" என்று மச்சான் கேட்டார். "ரொம்பத் தேவலை மாப்ள," என்றார் கூடலிங்கம்.

வெயில் தாழ்ந்தது. அம்மா கிளம்பினார். தோட்டக்காரர்கள் வெற்றிலையை மென்றபடி முன்னால் நடந்தார்கள். கூடலிங்கம் தெருமுனை வரைக்கும் கூடப் போனார். ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தார். முனை வந்ததும் கேட்டுவிட்டார்.

"அம்மா, நாளைக்கும் எனக்கு அதே சம்பளம்தான். சிக்கனமா இருந்துதான் ஆகணும்."

"ஆமா, இருக்கணும்."

"நான் பண்றது சிக்கனமா, கஞ்சத்தனமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா நின்றார்.

"வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்கும். அப்ப உங்க கை எங்க போகுதுன்னு பாருங்க. அரிசியை அளக்கப் போச்சுன்னா சிக்கனம்."

"தாழ்ப்பாளுக்குப் போச்சுன்னா?"

"என்கிட்ட வந்து சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் எனக்குப் பசிக்கும்."