செங்கணி அரசியும் இருவாச்சிப் பறவையும்

ரொம்பக் காலத்துக்கு முந்தின கதை இது, கேளுங்கள். மலையடிவார நாடு ஒன்றைச் செங்கணி என்ற அரசி ஆண்டுவந்தாள். அவளுக்குப் பறவை என்றால் உயிர். நாட்டிலுள்ள எல்லாப் பறவையையும் பார்த்துவிட்டாள். பார்க்காதது ஒன்றே ஒன்று, இருவாச்சி.

அந்தப் பறவையைப் பார்க்கவே ஒரு சித்திரை மாதம் மலையேறினாள். உச்சியில் பதினாறு குடிசைகள் கொண்ட ஓர் ஊர். அங்கே தேனெடுக்கும் நஞ்சனும் அவன் மனைவி பொம்மியும் வழிகாட்ட வந்தார்கள். அரசியோடு வந்தவன் மெய்க்காவலன் கொற்றவேல் ஒருவன்தான்.

"ஒரு மரத்தில் இருவாச்சிக் கூடு இருக்கிறது, தாயே. நாளைக்கு மழை இறங்கினால் பாதை அடைபட்டுவிடும். இன்றைக்கே போய்விடலாம்" என்றாள் பொம்மி.

அரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

ஓடைக்கரையில் ஆள் சீழ்க்கையடிப்பதுபோல் ஒரு பாட்டுக் கேட்டது. அரசி ஓடினாள். பாட்டு நின்றுவிட்டது. "மெதுவாக, தாயே" என்றான் நஞ்சன்.

மூங்கில் காட்டில் மரங்கொத்தி தட்டும் ஓசை கேட்டது. அரசி ஓடினாள். ஓசை நின்றுவிட்டது. "மெதுவாக, தாயே" என்றாள் பொம்மி.

பிறகு அரசி அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். நஞ்சன் நின்றால் நின்றாள், பொம்மி குனிந்தால் குனிந்தாள். அப்போது பாருங்கள், பச்சைச் சிறகுள்ள புறா ஒன்று பாதையிலேயே இறங்கி, அவள் காலுக்கு நான்கடி தள்ளி இரை பொறுக்கிற்று. அரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

உச்சிப்பொழுதில் அந்த மரத்தருகே வந்தார்கள். வானளாவிய மரம். நடுவில் ஒரு பொந்து, அதன் வாய் மண்ணால் பூசி அடைத்திருந்தது. விரலளவு பிளவு மட்டும் திறந்திருந்தது.

"பெட்டை தானே வாயைப் பூசிக்கொண்டு உள்ளே குஞ்சோடு இருக்கிறது. இறகெல்லாம் உதிர்ந்துபோய்ப் பறக்கமுடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும்" என்று கிசுகிசுத்தான் நஞ்சன்.

சொல்லி வாய் மூடவில்லை. கிளைகளுக்கு நடுவே பெரிய நிழல் ஒன்று அசைந்தது. அரசிக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "வந்துவிட்டது!" என்று கைதட்டிக்கொண்டு ஓடினாள்.

நிழல் திரும்பிப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்தது. எதிர்மலையில் பட்டமரத்தின் மேல் ஒரு கரும்புள்ளியாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

காத்திருந்தார்கள். ஒரு நாழிகை ஆயிற்று, புள்ளி அசையவில்லை. இரண்டு நாழிகை ஆயிற்று, அசையவில்லை. மூன்றாம் நாழிகையில் பொந்தின் பிளவில் ஓர் அலகு நுனி எட்டிப் பார்த்தது. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. உள்ளே குஞ்சு கீச்சிட்டது.

"நாம் இங்கே இருக்கிறவரை அது வராது, தாயே" என்றாள் பொம்மி.

கொற்றவேல் ஈட்டியைக் கையில் எடுத்தான். "அரசி, மண்பூச்சுதானே. ஏறி ஒரு குத்துக் குத்தினால் பெட்டையும் குஞ்சும் கண்ணெதிரே. இத்தனை தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவானேன்?"

அரசியின் கண்கள் பொந்தின்மேலேயே இருந்தன. பிறந்தது முதல் அவள் ஆசைப்பட்டது முப்பதடி உயரத்தில் இருந்தது. நஞ்சனும் பொம்மியும் அரசியின் முகத்தைப் பார்த்தார்கள். அரசியைத் தடுக்க அவர்களால் ஆகுமா?

அலகு நுனி மறுபடி வெளியே நீண்டது.

"ஈட்டியைக் கீழே போடு, கொற்றவேல்" என்றாள் அரசி. "அதன் சோற்றை நிறுத்தியவள் நான். வாருங்கள், போகலாம்."

நால்வரும் வந்த வழியே நடந்தார்கள். அரசி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்நூறு அடி போயிருப்பார்கள். தலைக்கு மேலே, அடர்ந்த இலைக்கூரைக்கும் அப்பால், கொல்லன் துருத்தி ஊதுவதுபோல் 'புஸ், புஸ்' என்று ஓர் ஓசை பொந்து இருந்த திசையை நோக்கிக் கடந்து போயிற்று. இருவாச்சியின் சிறகோசை அது.

அரசி பொம்மியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீர்களா, அரசி?" என்று கேட்டான் கொற்றவேல்.

"இல்லை" என்றாள் அவள். "பழம் போய்ச் சேர்ந்துவிட்டது."

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஓர் உயிர்மேல் நாம் வைத்த ஆசை அந்த உயிருக்கே கேடாகும்போது, ஆசையை விட்டு விலகி நிற்பதுதான் அன்பு.