ஊற்றின்மேல் வைத்த கற்கள்

கருங்காட்டு மிருகங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊற்றுக்கு வரும். கொக்குதான் அங்கே ஆராதனை நடத்தும். ஒற்றைக் காலில் நின்று பாட்டைத் தொடங்கும். மைனாக்கள் மேல்குரல் எடுக்கும், காட்டெருமை கீழ்க்குரல். "கொடுத்த தண்ணீருக்கு ஸ்தோத்திரம்" என்று பாடி முடித்ததும் ஒவ்வொன்றாக வந்து குனியும், வாயை வைக்கும், உதட்டை நக்கிக்கொண்டே நிமிரும்.

ஒரே ஒரு குறை. ஊற்றில் தண்ணீர் கிடையாது.

எத்தனை வருஷமாகக் கிடையாது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லை. ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பி, சுற்றி வளைத்து, மலைக்கு அப்பால் ஒரு சேற்றுக் குட்டையில் போய்த் தாகம் தீர்த்துக்கொள்ளும். அங்கே ஒன்றையொன்று பார்த்துவிட்டால், சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளும். மூக்கில் சேறு ஒட்டியிருக்கும். அதையும் யாரும் கேட்பதில்லை.

முன்னொரு பஞ்ச காலத்தில் அந்த ஊற்றுதான் காட்டையே காப்பாற்றியது. அன்றைக்குக் குடித்துப் பிழைத்தவர்கள் நன்றிக்கு ஊற்றின்மேல் ஆளுக்கொரு கூழாங்கல் வைத்தார்கள். பிறகு கல் வைப்பதே வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு கல், குட்டி பிறந்தால் ஒரு கல், செத்தவர் நினைவுக்கு ஒரு கல். நல்ல மனதோடுதான் வைத்தார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் ஊற்றுக்கண்ணுக்கு நன்றியா தெரியும்? பாரம்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய கல் காட்டுப்பன்றி வீட்டாருடையது. நட்டநடுவில் இருக்கும். இன்னார் உபயம் என்று தெரிய, மேலே பல்லால் கீறிய அடையாளமும் உண்டு.

அந்தச் சித்திரையில் கிழக்குக் காடு தீப்பிடித்தது. அங்கிருந்து ஒரு பெண்மான் தன் குட்டியோடு இரண்டு நாள் நடந்து வந்தது. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குட்டி இனி நடக்காது என்ற நேரத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டுக் கேட்டது. கொடுத்த தண்ணீருக்கு ஸ்தோத்திரம்! மான் குட்டியை முட்டி எழுப்பி, தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தது.

"தண்ணி எங்கங்க?" என்று கேட்டது.

பாட்டு நடுவில் பேசுகிறதே என்று கௌதாரி முகம் சுளித்தது. மான் பொறுத்திருந்தது. முறை வந்ததும் குனிந்து கல்லிடுக்கில் வாயை வைத்தது. பல்லெல்லாம் நறநறத்தது.

"இது மணலு."

காட்டுப்பன்றி தொண்டையைச் செருமியது. "புதுசுல்லா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு மூணு வாரம் வந்தா பழகிரும்மா."

"எனக்குப் பழகிரும் ஐயா. என் பிள்ளைக்கு மூணு வாரம் இல்லையே. சாயங்காலம் வரைக்கும்கூட இல்லை."

குட்டி அதற்குள் படுத்துவிட்டது. நாக்கு வெளியே கிடந்தது. யாரோ மெல்ல, மலைக்கு அப்பால் ஒரு குட்டை இருப்பதாகக் கேள்வி என்றார்கள். அது போன வாரமே வெடித்துக் காய்ந்துவிட்டது என்று காட்டெருமை வாய்தவறிச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டது.

உடனே மைனா ஒரு யோசனை சொன்னது. வடக்கு மலையில் ஒரு குயில் இருக்கிறதாம். அது வந்து பாடினால் காய்ந்த ஊற்றெல்லாம் பொங்குமாம். காய்ந்ததை உயிர்ப்பிக்க மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போடலாம். நல்ல யோசனைதான் என்றன எல்லாம். பந்தல் யார் போடுவது, குயிலை எந்த மரத்தில் தங்கவைப்பது என்று பேச்சு வளர்ந்தது. பந்தலின் நீளத்தைப் பேசி முடிப்பதற்குள் குட்டி கண்ணை மூடிவிட்டது.

மான் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தது.

கொக்கு அதைப் பார்த்தது. தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தது.

"தண்ணி இருக்கு," என்றது.

எல்லாம் திரும்பின.

"வாராவாரம் இந்தக் கல்லுமேலதான நிக்கேன். காலுக்கு அடியில குளிருது. பதினோரு வருஷமா குளிருது. சொன்னா உங்க கல்லையெல்லாம் எடுக்கச் சொல்லணும். உங்க மனசு நோகும், என்னை மாத்திருவீங்கன்னு பயம். பயந்துதான் பாடிக்கிட்டே இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அது யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. குனிந்து, வழவழவென்று வெள்ளையாக இருந்த ஒரு கல்லை அலகால் கவ்வி எடுத்துத் தூரப் போட்டது. "இது நான் வச்சது."

பிறகு முயல் வந்து தன் கல்லை உருட்டியது. கௌதாரி வந்தது. எருமை ஒன்றுக்கு நாலாக எடுத்தது. கடைசியில் நடுக்கல் மட்டும் மிஞ்சியது.

"அது எங்க தாத்தா கல்லு," என்றது காட்டுப்பன்றி.

"தாத்தா தண்ணி குடிச்சிட்டுத்தான வச்சாரு?" என்று மான் கேட்டது. "நீங்க அதை ஒருநாளாவது குடிச்சிருக்கீங்களா ஐயா?"

பன்றி தாத்தாவின் கல்லைப் பார்த்தது, குட்டியைப் பார்த்தது. பிறகு மூக்கைக் கல்லுக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு நெம்பியது. கல் புரண்டது. அடியில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. கிண்டுவதற்குப் பன்றிக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்? மூச்சுப் பிடித்துக் கிண்டியது. முதலில் கலங்கலாக ஊறியது. பிறகு ஒரு குமிழி வந்தது. அதன் பின்னால் தெளிந்த தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

கொக்கு அலகு நிறைய அள்ளிக் குட்டியின் வாயில் விட்டது. இரண்டாவது தரம் விட்டபோது குட்டியின் காது ஆடியது. மூன்றாவது தரம் தும்மிக்கொண்டே எழுந்தது. அப்பாடா! சொல்லும்போது எனக்கே நெஞ்சு குளிர்கிறது.

அன்றைக்கு யாரும் பாடவில்லை. எல்லாம் குடித்துக்கொண்டிருந்தன. காட்டுப்பன்றிதான் கடைசியில் குடித்தது. குடித்துவிட்டு நெடுநேரம் தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அது பழைய பழக்கத்தில் வாயில் ஒரு கல்லோடு வந்தது. பாதி வழியில் ஞாபகம் வந்து, யாரும் பார்க்காமல் புதருக்குள் போட்டுவிட்டது. இப்போதெல்லாம் அங்கே முதல் வேலை, ஊற்றில் விழுந்த மண்ணையும் சருகையும் அள்ளுவது. பாட்டு அதற்குப் பிறகுதான், அதுவும் ஈர வாயோடு.

ஆகையால், எங்கள் சபைக்கு எழுப்புதல் தாரும் என்று ஜெபிக்கிறவர், முதலில் ஊற்றின்மேல் தான் வைத்த கல்லை எடுக்கட்டும்.