மான் நின்ற இடம்

கானூர் ராசாவுக்கு மான்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. குப்பாண்டியின் கூழுக்கு ஆபத்து வந்தது அப்போதுதான்.

குப்பாண்டி அரண்மனை விகடன். ராசாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சபை கலைந்ததும் ஊருக்கு வெளியே தட்டாங்காட்டுக்கு நடையைக் கட்டிவிடுவான். தட்டாங்காடு ஊர்ப் பொது மேய்ச்சல் வெளி. சுற்றுப்பட்டு ஆடுமாடெல்லாம் அங்கேதான் வயிறு நிரப்பும். வெள்ளச்சி என்பவள் அங்கே ஆட்டுக்கிடை வைத்திருந்தாள். அவள் கரைத்துக் கொடுக்கும் கம்பங்கூழைக் குடித்தபடி, அவள் ஆடுகளுக்காகப் போட்டிருக்கும் உப்புக்கல்லை மான்களும் வந்து நக்குவதை வேடிக்கை பார்ப்பான்.

அந்த மான்களைப் பல்லக்கில் போன ராசாவும் ஒருநாள் பார்த்துவிட்டார். "இந்த அழகைக் காப்பாற்ற என்ன வழி?" என்று சபையில் கேட்டார்.

மந்திரி அனந்தப்பர் எழுந்தார். அவருக்குக் குதிரை வியாபாரம் உண்டு. லாயம் நிரம்பிக் கிடந்தது, புல்லுக்குத்தான் திண்டாட்டம்.

"மான் தின்ன வேண்டிய புல்லை ஆடு தின்கிறது, மகாராஜா. ஆட்டுக்காரர்களை வெளியேற்றுங்கள். காட்டை அடியேன் காவல் காக்கிறேன். சம்பளம்கூட வேண்டாம்."

"தலைமுறை தலைமுறையாக மேய்க்கிறவர்கள் எங்கே போவார்கள், மகாராஜா?" என்றான் குப்பாண்டி.

"அவர்களுக்கு வாய் இருக்கிறது, எங்காவது போய்ப் பிழைப்பார்கள். மானுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார் ராசா. கண் கலங்கியிருந்தது. இனி எதிர்த்தால் முறுக்கிக்கொள்வார் என்று குப்பாண்டிக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரு சின்னச் சந்தேகம். மானுக்கு எல்லை தெரியாது. காட்டை விட்டு வேறு எங்காவது போய் நின்றால்?"

மந்திரிக்குப் பக்கத்து ஊர்களின் மேய்ச்சல் வெளிகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. வாய் ஊறியது. "மான் எங்கே நிற்கிறதோ அதுவும் மான் நிலம்தான். அங்கே இருப்பவர் அன்றே காலி செய்ய வேண்டும். உழக்கூடாது, விதைக்கக்கூடாது. மானை விரட்டினால் சிறை."

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்."

ராசா ஆணை போட்டுவிட்டார்.

அன்று காட்டில் குப்பாண்டிக்குக் கூழ் கிடைக்கவில்லை.

"வாரும் விகடரே," என்றாள் வெள்ளச்சி, தட்டுமுட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டே. "இருந்த ஒரு காடும் போச்சு. மிச்சக் காட்டைப் பிடுங்கவும் நீரே வழி சொல்லிக் கொடுத்துட்டு வந்தீராமே. குடிச்ச கூழுக்கு நல்ல நன்றி."

"திட்டு ஆத்தா. திட்டிவிட்டு நேராக மந்திரியிடம் போ. அவருடைய தரிசில் கிடை போடுகிறேன் என்று சொல்."

"அந்த ஆளு நெலத்துலயா? நெல்லு அளக்க மாட்டாரே."

ஆடுகளை ஒரு நிலத்தில் அடைத்துப் போட்டால் புழுக்கை அத்தனையும் நிலத்துக்கு உரம். அதற்கு நிலத்துக்காரர் நெல் அளப்பது வழக்கம்.

"நெல் வேண்டாம், மேய இடம் கொடுத்தால் போதும் என்று சொல். உப்புக்கல்லை மட்டும் மறக்காமல் எடுத்துப் போ."

ஓசியில் உரம் என்றதும் மந்திரி மறுபேச்சுப் பேசவில்லை. மழைக்கு முன்னால் நிலம் கொழுத்துவிடும். "பாவம், போக்கிடம் இல்லாதவர்கள்" என்று சபையில் நல்ல பேரும் வாங்கிக்கொண்டார். தட்டாங்காட்டில் அவருடைய குதிரைகள் இறங்கின.

குப்பாண்டி தினமும் தரிசுக்குப் போய்ப் பார்த்தான். ஆடுகள்தான் நின்றன. மான் வந்தால் சரி, வராவிட்டால்? அந்த நினைப்பில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உம்ம மாப்பிள்ளைங்க இன்னும் வரலையா?" என்று வெள்ளச்சி குத்திக் காட்டினாள்.

ஒருநாள் வந்தார்கள். முறுக்குக் கொம்போடு ஒரு கிடா மான் முதலில் வந்து உப்புக்கல்லை நக்கியது. பின்னாலேயே கூட்டம் முழுக்க வந்துவிட்டது. காட்டில் குதிரைக்காரர்களின் கூச்சல். உப்பும் இல்லை, ஓநாயை விரட்டும் கிடைநாயும் இல்லை. மானுக்கு அங்கே என்ன வேலை?

குப்பாண்டி ராசாவிடம் ஓடினான். "மகாராஜா, மான்களைப் பார்த்து நாளாயிற்றே. போவோமா?"

ராசாவும் மந்திரியும் தட்டாங்காட்டுக்குப் போனார்கள். எங்கே பார்த்தாலும் குதிரை. மானின் வால்கூடத் தென்படவில்லை.

"இதென்ன, அனந்தப்பரே? நம் மான்களுக்குப் பிடரிமயிர் முளைத்திருக்கிறது," என்றார் ராசா.

"இவை காவல் குதிரைகள், மகாராஜா," என்று மந்திரி வியர்வையைத் துடைத்தார். "மான்களை அந்த ஆட்டுக்காரிதான் ஓட்டிப் போயிருப்பாள்."

"வாருங்கள், பார்த்துவிடுவோம்," என்று குப்பாண்டி முன்னே நடந்தான்.

மந்திரியின் தரிசில் ஆடும் மானும் கலந்து நின்றன. ஒரு குட்டி மான் தரிசை ஒட்டியிருந்த மந்திரி வீட்டு வாசல் மாக்கோலத்தை நக்கிக்கொண்டிருந்தது. ராசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குப்பாண்டி மந்திரியின் பக்கம் திரும்பிக் கை கட்டினான். "ஐயா எப்போது வீட்டைக் காலி செய்கிறீர்கள்?"

"என்ன உளறுகிறாய்? இது என் பரம்பரை நிலம்."

"மான் நின்றால் மான் நிலம். யாராக இருந்தாலும். உங்கள் வார்த்தைதான் ஐயா."

ராசா மீசையைத் தடவினார். "ஆமாம், நான் ஆணை போட்டிருக்கிறேனே."

மந்திரிக்கு விதைப்பு கண்முன் போயிற்று, வீடும் போயிற்று. வெள்ளச்சியிடம் குழைந்தார். "தாயே, உன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போ. மானும் பின்னாலேயே போய்விடும்."

"எங்கே ஓட்டச் சொல்றீக? எங்க காட்டுல உங்க குதிரையில்ல நிக்குது."

"குதிரையை இப்போதே எடுத்துவிடுகிறேன்."

"நாளைக்கு மறுபடியும் விடுவீகளே."

ராசாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. "விடமாட்டார். தட்டாங்காடு பழையபடி ஊருக்கே. ஆடு இருந்தால்தான் மானும் இருக்கும்போல. காவல் இனி ஊர்க்காரர்கள் பொறுப்பு. அனந்தப்பரே, கிடை போட்டதற்கு இவளுக்கு நெல் அளந்துவிடும்."

வெள்ளச்சி உப்புக்கல்லைப் பொறுக்கினாள். குப்பாண்டிக்குக் கூழ் உறுதியாயிற்று. அப்போது ராசா குனிந்து ஒரு கல்லை ஆசையோடு கையில் எடுத்தார்.

"இதை நம் நந்தவனத்தில் போட்டுவைக்கலாம், குப்பாண்டி. காலையில் எழுந்ததும் மான் முகத்தில் விழிக்கலாம்."

"தாராளமாகப் போடலாம், மகாராஜா. ஆணையைத்தான் இன்னும் மாற்றவில்லை. ராணியம்மாவுக்கு எங்கே வீடு பார்க்கட்டும்?"

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கல்லைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தார்.