எருமை இழுத்த கோடு

கோடையில் பாதி வற்றிய ஒரு குட்டையில் தவளைகள் இரு நாடுகளாகப் பிரிந்துவிட்டன. தன்னைக் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய எருமை ஒன்று, அந்த முளையை ஈரச் சேற்றின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. சேறு காய்ந்தது, கோடு நின்றது. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் இந்தப் பக்கத்தார் கீழ்க்கரையார், அந்தப் பக்கத்தார் மேல்கரையார் ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு மூதாதை. கோடு போட்டதே அந்த மூதாதைதானாம்.

வேலாத்தா என்ற ஆமைக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அவள் மேய்வது கீழ்க்கரையில். முட்டை புதைத்திருப்பது மேல்கரை மணலில். ஒரு நாள் காலையில் உடும்பு ஒன்று அந்த மணலை நோக்கி வந்தது. வேலாத்தா பதறிக்கொண்டு நடந்தாள்.

கோட்டருகே கீழ்க்கரைக் காவல் தவளை மறித்தது.

“நில்லுங்க. நீங்க எந்தக் கரைங்க?”

“ரெண்டுந்தான். வழிய விடு, என் முட்டை போகுது.”

“அப்படி ஒரு கரையே இல்லீங்க. இது முன்னோர் போட்ட கோடு.”

“எருமை போட்டதுடா. என் முதுகு மேல உக்காந்து நீயுந்தானே பார்த்தே?”

“அப்ப எனக்கு வால்கூட உதிரலீங்க. ஒண்ணும் நெனப்பில்லீங்க.”

“போன மாசம்டா அது!”

முன்பெல்லாம் உடும்பைக் கண்டால் குட்டையே சேர்ந்து கத்தும். அந்தச் சத்தத்தில் உடும்பு மிரண்டு ஓடிவிடும். இன்று மேல்கரை மட்டும் கத்தியது. உடும்பு அசையவே இல்லை.

“நீங்களும் கத்துங்களேன்டா,” என்று வேலாத்தா கெஞ்சினாள்.

“அது மேல்கரை உடும்புங்க. அவங்க பார்த்துக்குவாங்க.”

இதற்குமேல் பேசிப் பயனில்லை. வேலாத்தா கோட்டைத் தாண்டினாள். தடுக்க வந்த காவல் தவளை அவள் முதுகில் தொற்றிக்கொண்டது. அதைப் பார்த்த மேல்கரையார் கத்துவதை நிறுத்திவிட்டு, “அந்நியன் நுழைந்துவிட்டான்!” என்று அந்தக் காவல் தவளை மேல் பாய்ந்தார்கள். கட்டிப் புரண்ட இரண்டு தவளைகளை உடும்பு ஒரே வாயில் கவ்விக்கொண்டு போனது. எந்தக் கரை என்று அது கேட்கவில்லை.

பாதி முட்டைகள் அதற்கு முன்பே போயிருந்தன. மிச்சத்தின் மேல் வேலாத்தா படுத்துக்கொண்டு அழுதாள்.

மாலையில் இரு கரைத் தவளைகளும் அவளிடம் வந்தன. ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கின்றன என்று நினைத்தாள்.

“ஒரு சந்தேகமுங்க,” என்றது ஒன்று. “பொரிக்கிற குஞ்சுக எந்தக் கரைங்க?”

வேலாத்தா தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

நேற்று விழுந்த கோடு ஆதியிலிருந்தே இருந்தது என்று நம்பி அதற்குக் காவல் நிற்பவர்கள், இன்று வரும் ஆபத்துக்குச் சேர்ந்து கத்த மறந்துபோவார்கள்.